பிள்ளைக்கு எத்தனையோ பெயர், இல்லாமைக்கு ஒரு வசை

பாடியிலிருந்து அம்பத்தூர் வழியாக ஆவடிக்குப் போகும் சி.டி.எச். சாலையில் இன்று கண்ணில் படும் மருத்துவப் பலகைகளில் பாதி, பிள்ளைப்பேறு பற்றியவை. ஒன்று ‘மகப்பேறு மருத்துவமனை’ என்கிறது, அடுத்தது ‘கருத்தரிப்பு மையம்’ என்கிறது, மூன்றாவது ‘குழந்தையின்மைக்குச் சிகிச்சை’ என்கிறது. அதே தடத்தில் ஓடும் மின்சார ரயிலில் ஒட்டியிருக்கும் துண்டறிக்கையோ ஆண்மைக் குறைவையும் குழந்தை இல்லாமையையும் ஒரே நோயாக்கி ஒரே வரியில் விற்கிறது. வீட்டுக்குள் போனால் பேச்சு வேறு. “அவங்க ட்ரீட்மெண்ட்ல இருக்காங்க” என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். சண்டை வந்துவிட்டாலோ பழைய சொல் வந்துவிடும்: மலடி.

ஒரே நிலைக்கு இத்தனை பெயர்கள் எப்படி வந்தன, யார் எதைச் சொல்கிறார்கள், எந்தச் சொல் யாரைக் காயப்படுத்துகிறது என்பதே இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. குழந்தை இல்லாமையின் சொற்களை எடைபோட, குழந்தையைக் குறிக்கும் சொற்களிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

இலக்கணம் சொல்லும் பிள்ளை

தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பதைத் தருகிறது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. எது எந்த உயிருக்கு உரியது என்றும் வரையறுக்கிறது. மனிதருக்கு அது ஒதுக்குவது இரண்டே சொற்கள், குழவியும் மகவும். நாம் நாள்தோறும் சொல்லும் ‘பிள்ளை’ அந்தக் கணக்கில் மனிதருடையது அல்ல. பறப்பவற்றுக்கும் தவழ்பவற்றுக்கும் உரியது. ஓரறிவுயிரான மரஞ்செடிகளுக்கும் அதைச் சொல்லலாம் என்று மரபியல் இடம் தருகிறது. கிளிப்பிள்ளையும் தென்னம்பிள்ளையும் அந்தப் பழைய வழக்கின் மிச்சங்கள். இன்றும் திருமழிசைப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர் தென்னங்கன்று என்றும் சொல்வார், தென்னம்பிள்ளை என்றும் சொல்வார்.

பின்னாளில் பிள்ளை மனித வீட்டுக்குள் வந்தது. வந்த பிறகு அது ஏறிய படிகள் பல. சோழர் கல்வெட்டுகளில் இளவரசர் பிள்ளையார் ஆனார். பூந்தமல்லிக்குப் பக்கத்தில் இருக்கும் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், பெரியபுராணத்தில் திருஞானசம்பந்தரைப் பிள்ளையார் என்றே அழைக்கிறார். யானைமுகக் கடவுளும் பிள்ளையார். கணக்கு எழுதியவர் கணக்குப்பிள்ளை, மணம் செய்ய வந்தவர் மாப்பிள்ளை, ஒரு சாதிப் பட்டமும் பிள்ளை. சிறுமையைக் குறித்த சொல் மரியாதைச் சொல்லாக வளர்ந்துவிட்டது. குட்டி, குருளை, பறழ் எவற்றுக்கும் இந்த வாழ்வு கிடைக்கவில்லை.

மற்றச் சொற்கள் ஒவ்வொன்றும் குழந்தையை ஒவ்வொரு பக்கத்திலிருந்து பார்க்கின்றன. குழவியும் குழந்தையும் இளமையின் குழைவைச் சொல்கின்றன. மதலை என்பதற்குத் தூண், பற்றுக்கோடு என்றும் பொருள் உண்டு. முதுமையில் தாங்குபவன் என்ற எதிர்பார்ப்பு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. கான்முளை, வழித்தோன்றல் ஆகியவை குடியின் தொடர்ச்சியைப் பேசுகின்றன. பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கியம் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று பத்துப் பருவங்களாகப் பிரித்துக் குழந்தையின் வளர்ச்சியையே பாட்டாக்கியது. அந்தப் பத்தில் முதல் ஏழு இருபாலுக்கும் பொது. கடைசி மூன்றில்தான் ஆணுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும் பெண்ணுக்கு வேறு என்றும் பிரிகிறது.

மக்களா, புதல்வரா?

ஒரு சொல்லுக்கு யார் உரை எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் எல்லை மாறும். திருக்குறளின் ஏழாம் அதிகாரத்தை நாம் பள்ளியில் ‘மக்கட்பேறு’ என்று படிக்கிறோம். பரிமேலழகர் அதற்குக் கொண்ட தலைப்பு ‘புதல்வரைப் பெறுதல்’. மக்கள் என்ற சொல் மகனையும் மகளையும் சேர்த்தே சொல்லும். அவரோ அறிவைப் பற்றிய அடைமொழி வருவதால் அது பெண்ணை விலக்கி நின்றது என்று முதல் குறளிலேயே விளக்கிவிடுகிறார். வள்ளுவர் திறந்து வைத்ததை உரையாசிரியர் பாதி மூடினார்.

எச்சம் என்ற சொல்லுக்கும் இதுவே நடந்தது. ஒருவர் நல்லவரா அல்லாதவரா என்பது அவர் விட்டுச்செல்லும் எச்சத்தால் தெரியும் என்ற குறளுக்கு, நல்ல பிள்ளைகள் இருப்பதும் இல்லாததும்தான் அடையாளம் என்று பரிமேலழகர் பொருள் கண்டார். ஆனால் வள்ளுவரே புகழ் அதிகாரத்தில் புகழையும் எச்சம் என்கிறார். அவருக்கு எச்சம் என்பது பிள்ளை மட்டும் அல்ல. பிள்ளை இல்லாதவர் எதையும் விட்டுச்செல்லாதவர் என்ற முடிவு சொல்லில் இல்லை, அதை வாசித்தவர் மனத்தில் இருந்தது.

பிள்ளை இல்லாமை பற்றிப் பழந்தமிழ் மௌனமாக இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. குறுகுறுவென நடந்து, சோற்றை அளைந்து மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை இல்லாதவருக்கு வாழ்நாளில் பயன் ஏதும் இல்லை என்று பாண்டியன் அறிவுடைநம்பி புறநானூற்றின் 188ஆம் பாட்டில் பாடினான். குழந்தை இன்பத்தைச் சொல்ல வந்த பாட்டுத்தான் அது. அந்த இன்பத்தை உயர்த்த, இல்லாதவர் வாழ்வைத் தாழ்த்தவேண்டி வந்தது. இந்த உத்தி இரண்டாயிரம் ஆண்டாக நம்மிடம் இருக்கிறது.

அம்பத்தூர்ப் பேச்சில்

ஏட்டை விட்டுத் தெருவுக்கு வருவோம். அம்பத்தூரும் ஆவடியும் பூர்வீகக் கிராமங்களின் மேல் ஆலைகள் கட்டிய ஊர்கள். டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப், 1960களில் வந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை ஆகியவற்றுக்கு எல்லா மாவட்டங்களிலிருந்தும் ஆள் வந்தது. அதனால் இங்கே ஒரே தெருவில் நாலு வட்டாரப் பேச்சு கேட்கும். மதுரைக்காரருக்குப் ‘புள்ள’ ஆணும் ஆகலாம், பெண்ணும் ஆகலாம். கோவைப் பக்கத்தவர் மனைவியையோ மகளையோ ‘ஏ புள்ள’ என்பார். சென்னைக்காரர் வாயில் குழந்தை ‘கொயந்த’ ஆகும், பிள்ளைகள் ‘பசங்க’ ஆவார்கள். “எனக்கு ரெண்டு பசங்க” என்று ஓர் அம்மா சொன்னால் இரண்டும் மகன்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு பையன் ஒரு பொண்ணாகவும் இருக்கலாம். பையனின் பன்மை இங்கே பெண்ணையும் சேர்த்துக்கொண்டது.

கர்ப்பத்தைச் சொல்ல இடக்கரடக்கல்கள் ஏராளம்: மாசமா இருக்கா, முழுகாம இருக்கா, நாள் தள்ளிப் போயிருக்கு, வாயும் வயிறுமா இருக்கா. இளையவர்கள் ‘கன்சீவ் ஆயிருக்கா’ என்று முடித்துவிடுகிறார்கள். கர்ப்பிணி புள்ளத்தாச்சி, முதல் குழந்தை தலைச்சன், கடைசி கடைக்குட்டி, எல்லாம் சேர்ந்தால் நண்டு சிண்டு. அரசு அங்கன்வாடி என்று பெயர் வைத்தாலும் தெருவில் அது பால்வாடிதான்.

குழந்தை இல்லாத வீட்டைப் பற்றிப் பேசும்போது இந்தச் செழிப்பு வற்றிவிடுகிறது. நேராகச் சொல்ல நாகரிகமான ஒரு சொல் வாயில் இல்லை. அதனால் கேள்வியாகவே கேட்கிறார்கள்: “விசேஷம் ஏதாச்சும் உண்டா?” “வயித்துல புழு பூச்சி ஏதாவது?” விசேஷம் என்றால் சிறப்பு. அது இல்லை என்று பதில் சொல்லவேண்டியவள் எப்போதும் மருமகள்தான், அவள் கணவனிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. அவள் இல்லாத இடத்தில் பேச்சு ‘பாக்கியம் இல்ல’, ‘கொடுத்து வைக்கல’ என்று போகும். பாக்கியம் என்ற சொல் உடலின் ஒரு நிலையை விதியின் தீர்ப்பாக்குகிறது. சோதிடர் வாயில் அதுவே புத்திர தோஷம். அதிலும் குறைபடுவது புத்திரன்தான், புத்திரி அல்ல.

குழந்தை பிறந்தும் ‘போதாது’ என்று சொல்லும் வழக்கமும் இதே மாவட்டத்தில் இருந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தில், திருத்தணியை அடுத்த நாராயணபுரத்தில், அடுத்தது ஆணாகப் பிறக்கவேண்டும் என்று பெண் குழந்தைக்கு ‘வேண்டாம்’ என்றே பெயர் வைத்தது 2019இல் செய்தியாகி நாடெங்கும் பேசப்பட்டது. பிற ஊர்களில் ‘போதும்பொண்ணு’ என்ற பெயரும் இதே வகை. அந்தப் பெயர்களைப் பள்ளிப் பதிவேட்டிலும் சான்றிதழிலும் சுமந்தவர்கள் அந்தப் பெண்கள்.

மலடி: நிலத்திலிருந்து வந்த வசை

மலடு என்ற சொல்லுக்கு மனிதர் இரண்டாம் இடம்தான். மலட்டு மாடு, மலட்டு மண், தண்ணீர் ஓடாத மலட்டாறு. மரபணு மாற்றுப் பயிர்கள் பற்றிய விவாதத்தில் முளைக்காத விதையை ‘மலட்டு விதை’ என்றோம். கொங்குப் பகுதியில் ‘வறடி’ என்பார்கள், வறட்சியோடு உறவுள்ள சொல். உழவுச் சமூகம் பலன் தராத நிலத்துக்கும் கன்று ஈனாத பசுவுக்கும் வைத்த பெயரைப் பெண்ணுக்கும் வைத்தது. மண்ணும் மாடும் உடைமைகள். உடைமையின் பயன் கெட்டுவிட்டது என்று உரியவன் சொல்லும் குறையே அந்தப் பெயரில் இருக்கிறது.

மலடன் என்ற ஆண்பால் வடிவம் அகராதியில் இருக்கிறது, பேச்சில் அரிதாகவே வருகிறது. ஆண் பக்கத்தில் ‘ஆண்மைக் குறைவு’ என்ற சுவரெழுத்துச் சொல் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. விந்தணுக் குறைபாடும் உடலுறவுக் குறைபாடும் வேறுவேறு. இரண்டையும் ஒன்றாக்கிய இந்தச் சொல்லால், பரிசோதனைக்குப் போனாலே ஆண்மை போய்விட்டது என்று ஊர் நினைக்கும் என்ற அச்சம் ஆண்களுக்கு வந்தது. குழந்தை இல்லாத இணையரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது என்பது மருத்துவ உலகம் ஏற்ற உண்மை. மொழி அந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டதால் சிகிச்சையும் பெண்ணிடமிருந்தே தொடங்குகிறது.

இது தமிழுக்கு மட்டுமான குறை அல்ல. ஆவடியில் படைத்துறைக் குடியிருப்புகளும் தெலுங்கு பேசும் பழைய குடும்பங்களும் இருப்பதால் பிற மொழிகளின் சொற்களும் இங்கே புழங்குகின்றன. தெலுங்கில் கொட்ராலு. அதன் வேர் ஈனாத மாட்டைக் குறிக்கும் சொல். இந்தியின் பாஞ்சும் கன்னடத்தின் பஞ்சையும் வடமொழி வந்த்யாவின் வழிவந்தவை. அதுவே தமிழ் நிகண்டுகளில் வந்தி. சிங்களத்தில் அது ‘வந்த’ ஆயிற்று. 2018 பிப்ரவரி இறுதியில் இலங்கையின் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் கருவளத்தைக் கெடுக்கும் மாத்திரை, அதாவது ‘வந்த பெத்தி’, உணவில் கலந்திருப்பதாக ஒரு கும்பல் குற்றம்சாட்டியது. சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரர் கேள்வி புரியாமல் தலையசைக்க, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரசுப் பகுப்பாய்வில் அது மாவுக் கட்டி என்று தெரிந்தது. பிள்ளை இல்லாமை பற்றிய அச்சம் ஓர் இனத்தின் அச்சமாக மாறினால் ஒரு சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது சாட்சி.

தமிழ் இலக்கியத்தில் இந்த வசையின் எடையை முழுதாகக் காட்டியது பெருமாள்முருகனின் மாதொருபாகன் (2010). திருச்செங்கோட்டுப் பின்னணியில், ஒருவரையொருவர் மிக விரும்பும் காளியும் பொன்னாவும் ஊரின் பேச்சால் சிதைவதுதான் கதை. 2014 இறுதியில் நாவலுக்கு எதிர்ப்பு எழுந்து, 2015 ஜனவரியில் எழுத்தாளர் தம் எழுத்துக்கே விடை கொடுத்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சர்ச்சை நாவலில் வரும் திருவிழாவைப் பற்றியே நடந்தது. நாவலின் பெரும்பகுதி எதைப் பற்றியதோ, அந்த அன்றாட அவமானத்தைப் பற்றி யாரும் கூட்டம் போடவில்லை.

சட்டமும் மருத்துவமும் தந்த சொற்கள்

1978 ஜூலையில் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுனும், அக்டோபரில் கொல்கத்தாவில் இந்தியாவின் முதல் குழந்தையும் பிறந்தபோது ‘சோதனைக்குழாய்க் குழந்தை’ என்ற சொல் தமிழ் இதழ்களுக்கு வந்தது. 1990இல் மருத்துவர் கமலா செல்வராஜ் சென்னையில் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறக்கச் செய்தார். பிறகு செயற்கைக் கருத்தரிப்பு, வாடகைத்தாய், கருமுட்டைக் கொடை என்று சொற்கள் பெருகின. பேச்சில் எல்லாம் ‘ஐ.வி.எஃப்.’ ஆகிவிட்டது.

உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கைப்படி, வயதுவந்தோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் வாழ்வில் ஏதோ ஒரு கட்டத்தில் கருவுறாமையைச் சந்திக்கிறார். இந்தியாவின் 2021ஆம் ஆண்டு இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம், ஓராண்டு தடுப்பின்றி முயன்றும் கருத்தரிக்காத நிலையைக் கருவுறாமை என்று வரையறுக்கிறது. மருத்துவமும் சட்டமும் ஓராண்டு பொறுக்கச் சொல்கின்றன. உறவினரோ மூன்றாம் மாதமே விசேஷம் கேட்கிறார்கள்.

சட்டத்தின் தமிழ் வேறு சில இடங்களில் பேச்சிலிருந்து விலகி நிற்கிறது. இந்தியா 1992இல் ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் வழியில், 18 வயது நிறையாத எவரும் குழந்தை. பதினேழு வயதுப் பையனைக் குழந்தை என்று எழுதினால் அவன் அம்மாவே சிரிப்பார். ஆனால் அந்தச் சொல்தான் அவனுக்கும் அந்த வயதுப் பெண்ணுக்கும் பாதுகாப்பு. சொத்தில் நிலைமை வேறு. வட்டாட்சியர் அலுவலகத்தில் ‘வாரிசு சான்று’ கேட்கும்போது, பிள்ளை இல்லாத பெண் தனக்குப் பின் யார் என்ற கேள்வியைச் சட்டத்திடமே கேட்கவேண்டியிருக்கிறது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த பெண்ணுக்குப் பிள்ளையும் கணவனும் இல்லையென்றால் அவள் சம்பாதித்த சொத்து முதலில் கணவனின் வாரிசுகளுக்குப் போகிறது. அவளைப் பெற்றவர்கள் அதற்குப் பின்னால்தான்.

அதே 1956இல் வந்த தத்தெடுப்புச் சட்டம் பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்று வழி திறந்தது. அதற்கு முன் சாஸ்திர வழிச் சுவீகாரம் மகனைக் கொள்வதற்கே. ஆயினும் ‘எடுத்து வளர்த்த புள்ள’, ‘சொந்தப் புள்ள’ என்ற பிரிவு பேச்சில் இன்னும் சாகவில்லை. தமிழில் தாய்தந்தையைப் பெற்றோர் என்கிறோம். அது பெற்றவரை மட்டுமே சொல்லும் சொல்லாக நிற்பதால் வளர்த்தவருக்கு ஓர் அடைமொழி தேவைப்படுகிறது.

வேண்டாம் என்பவர்களுக்கு என்ன பெயர்?

குழந்தை வாய்க்காதவரும் வேண்டாமென்று இருப்பவரும் வேறுவேறு. பின்னவரைச் சொல்லத் தமிழில் இன்னும் நிலைத்த சொல் இல்லை. ஆனால் சிந்தனை புதிதல்ல. 1920களின் இறுதியிலேயே பெரியார், பெண் விடுதலைக்குப் பிள்ளைப்பேறே தடை என்று குடி அரசில் எழுதினார். பெற வேண்டுமா, எப்போது, எத்தனை என்பதைப் பெண்ணே ஆளவேண்டும் என்ற கருத்தில் ‘கர்ப்ப ஆட்சி’ என்ற சொல்லையும் கையாண்டார். பின் வந்த அரசுத் திட்டத்தின் சொல் ‘குடும்பக் கட்டுப்பாடு’. ஆட்சி பெண்ணிடமிருந்து கட்டுப்பாடாக அரசிடம் போயிற்று. நெருக்கடிநிலைக்குப் பின் 1977இல் அது ‘குடும்ப நலம்’ ஆனது.

‘நாமிருவர் நமக்கிருவர்’ என்று சுவரில் எழுதிய மாநிலம் இன்று எதிர்த்திசைக் கவலையில் இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் மொத்தக் கருவள வீதம் 1.8. தலைமுறையை ஈடுசெய்யத் தேவை 2.1. 2024 அக்டோபரில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ஒரு திருமண விழாவில், பதினாறும் பெற்று வாழச் சொன்னது பதினாறு செல்வங்களையே என்று விளக்கிவிட்டு, தொகுதி மறுவரையறையைப் பார்த்தால் பதினாறு பிள்ளைகளையே பெறலாமோ என்று தோன்றுவதாக வேடிக்கையாகச் சொன்னார். அந்தப் பதினாறில் நன்மக்கள் ஒன்று மட்டுமே. கல்வியும் நோயின்மையும் துணிவும் புகழும் அதே வரிசையில் நிற்கின்றன.

பெறாமலே அம்மா

மலடி என்ற சொல்லுக்கு மாற்று தமிழில் இல்லாமல் இல்லை. தேடவேண்டிய இடமும் தொலைவில் இல்லை. ஆவடிக்கு மேற்கே திருநின்றவூரில் பக்தவத்சலப் பெருமாள் கோயில் தாயாரின் திருப்பெயர் ‘என்னைப் பெற்ற தாயார்’. கடலரசன் தன் மகளான திருமகளை அப்படி அழைத்தான் என்பது தலவரலாறு. மகளையே ‘என்னப் பெத்த தாயே’ என்று கொஞ்சும் பேச்சு இன்றும் நம் வீடுகளில் கேட்கிறது. அதே ரயில் தடத்தில் இன்னும் மேற்கே போனால் திருவாலங்காடு. பிள்ளை பெறாத புனிதவதியார் பேயுருவோடு வந்து சேர்ந்த தலம். அவரைச் சிவன் ‘அம்மையே’ என்று விளித்ததாகக் குன்றத்தூர்ச் சேக்கிழார் பாடினார். நம் காலத்தில், மணமும் பேறும் இல்லாத ஒரு முதலமைச்சரை மாநிலமே அம்மா என்றது, 2013இல் அந்தப் பெயரில் உணவகமும் திறந்தது. பூந்தமல்லிச் சந்தையில் காய் விற்பவர் வாங்க வருபவளுக்குப் பிள்ளை உண்டா என்று கேட்டுவிட்டு ‘வாம்மா’ என்பதில்லை. தமிழில் அம்மா என்ற சொல் பேறுகாலத்துக்காகக் காத்திருப்பதில்லை.

முடிவாக

நோயோடும் நிலையோடும் ஆளைச் சேர்த்துக் கட்டும் சொற்களை இந்த மாநிலம் முன்பும் கைவிட்டிருக்கிறது. திருநங்கை, மாற்றுத்திறனாளி என்ற சொற்கள் அரசாணையிலிருந்தும் மேடையிலிருந்தும் இறங்கி, ஒரு தலைமுறைக்குள் தெருப்பேச்சில் பாதியாவது வந்துவிட்டன. இதிலும் அது முடியும். அதற்குச் செய்யவேண்டியவை மூன்று.

மருந்துச் சீட்டிலும் பாடநூலிலும் செய்தியிலும் ‘மலட்டுத்தன்மை’ என்பதை விட்டு, ‘கருவுறாமை’ என்று உடலின் நிலையைச் சொல்லும் சொல்லையே எழுதவேண்டும். ‘ஆண்மைக் குறைவு’ என்ற விளம்பரச் சொல்லைக் குழந்தையின்மையோடு சேர்க்கும் வழக்கத்தை மருத்துவர்களே மறுத்துப் பேசவேண்டும், பரிசோதனைக்குக் கணவனையும் முதல் நாளிலேயே அழைக்கவேண்டும். மூன்றாவது நம் எல்லாருக்கும். குழந்தை இல்லாதவரைக் குழந்தை இல்லாதவர் என்று மட்டும் சொல்வோம். ஏன் இல்லை என்பது அவர்கள் சொன்னால் கேட்கவேண்டிய செய்தி. அடுத்த முறை கல்யாண வீட்டில் ஒரு மருமகளைப் பார்க்கும்போது, விசேஷம் உண்டா என்று கேட்காமல், சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.